24 மணி நேரமும் ஒருத்தரேவா ஓட்டுவாக?

2025 ஜூன் 14, சனிக்கிழமை. மீன்பிடித் தடைக்காலத்தின் கடைசி நாள். ஏப்ரல் 15இல் நிறுத்திய விசைப்படகுகள் 61 நாள் கழித்து மறுபடி கடலுக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தன. மண்டபம் ஜெட்டியில் புது பெயின்ட் வாசமும் டீசல் வாசமும் கலந்து அடித்தன. ஒரு படகின் இஞ்சினுக்கு ஆயில் மாற்றிவிட்டு, கையைக் கழிவுத் துணியில் துடைத்தபடி என் அக்கா மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். என் போனில் பிரான்ஸில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அங்கே மாலை நான்கு மணி, நமக்கு இரவு ஏழரை.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்: “மாமா, 24 மணி நேரமும் ஒருத்தரேவா ஓட்டுவாக?”

அஜித் துபாயில் கார் ஓட்டினாரே, அந்த ஜனவரியிலிருந்து எங்கள் பக்கம் டீக்கடையில், வலை பின்னும் இடத்தில், எல்லா இடத்திலும் இதே கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டார்கள். அன்றைக்கு ஜெட்டியில் அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். நான் ரேஸ் டிரைவர் இல்லை. பதினோரு வருடம் மீன் வண்டி ஓட்டியவன். இப்போது உச்சிப்புளிப் பக்கம் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ஆனால் இந்த ஒரு பந்தய வகையை நான் பல வருடமாக ராத்தூக்கம் கெட்டுப் பார்த்து வருகிறேன். ஒரே வண்டியை இரண்டு மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டும் வேலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதுதான் காரணம்.

முதலில் அடிப்படை. நாம் டிவியில் அதிகம் பார்க்கும் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் தூரம் ஏற்கெனவே முடிவாகியிருக்கும். இத்தனை சுற்று, யார் முதலில் முடிக்கிறாரோ அவர் ஜெயித்தார். பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். எண்டூரன்ஸ் ரேஸ் எனப்படும் நெடுநேரப் பந்தயத்தில் பல சமயம் இது தலைகீழ். நேரம்தான் முன்கூட்டியே முடிவாகியிருக்கும்: ஆறு மணி, பன்னிரண்டு மணி, 24 மணி. அந்த நேரத்துக்குள் அதிக தூரம் போன கார் ஜெயிக்கும். அவ்வளவுதான் விதியின் சாரம்.

தூரம் என்றால் உண்மையிலேயே மீட்டர் கணக்கில் தூரம். 1966 லெ மானில் இரண்டு ஃபோர்டு கார்கள் கிட்டத்தட்ட ஒன்றாகவே கோட்டைத் தாண்டின. ஆனால் அதில் ஒரு கார் தொடக்கத்தில் இன்னொன்றுக்குப் பின்னால் நின்று கிளம்பியது. பின்னால் நின்று கிளம்பி அதே இடத்துக்கு வந்ததால் அது ஓடிய தூரம் சில மீட்டர் கூடுதல். வெற்றி அந்தக் காருக்குப் போனது. ஒரு பகல், ஓர் இரவு முழுக்க ஓட்டிவிட்டு, சில மீட்டரில் தோற்றவர்களின் மனநிலையை நினைத்துப் பாருங்கள்.

லெ மான் பந்தயம் 1923இல் தொடங்கியது. ஒரு சுற்று 13.626 கிலோமீட்டர், பாம்பனிலிருந்து ராமேஸ்வரம் போகும் தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அந்தப் பாதையின் பெரும்பகுதி வருடத்தின் மற்ற நாட்களில் ஊர் மக்கள் வண்டி ஓட்டும் சாதாரண ரோடு. 2025இல் ஜெயித்த கார் 387 சுற்றுப் போனது. பெருக்கிப் பார்த்தால் 5,273 கிலோமீட்டர். கன்னியாகுமரியில் கிளம்பி ஸ்ரீநகர் போய், திரும்பி டெல்லியையும் தாண்டி வந்துவிடும் தூரம். ஒரே நாளில். 2010இல் ஒரு ஆடி கார் 397 சுற்று, 5,410 கிலோமீட்டர் போனது.

இனி அவன் கேட்ட கேள்விக்கு வருவோம். ஒருத்தரே ஓட்டலாமா? ஒரு காலத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். 1950இல் லூயி ரோசியே என்ற பிரெஞ்சுக்காரர், தன் மகனுக்கு இரண்டே சுற்று கொடுத்துவிட்டு மீதி முழுவதையும் தானே ஓட்டி ஜெயித்தார். 1952இல் பியேர் லெவெக் அதற்கும் ஒரு படி மேலே போகப் பார்த்தார். மாற்று டிரைவர் தயாராக நிற்க, காரைக் கொடுக்க மறுத்து, 22 மணி நேரத்துக்கு மேல் தனியாகவே ஓட்டினார். முன்னணியிலும் இருந்தார். முடிய ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம் இருக்கும்போது இஞ்சின் போய்விட்டது. களைப்பில் கியரை மாற்றிப் போட்டுவிட்டார் என்று சொல்பவர்கள் உண்டு. அவர் ஏன் கொடுக்கவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வண்டியில் ஏதோ கோளாறு இருக்கிறது, அதன் போக்கு எனக்குத்தான் தெரியும், இன்னொருத்தர் கையில் கொடுத்தால் கெட்டுவிடும் என்ற எண்ணம் ராத்திரி வண்டி ஓட்டிய எல்லோருக்கும் வந்திருக்கும். எனக்கும் வந்திருக்கிறது.

இப்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை. லெ மானில் ஆறு மணி நேரத்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒருவர் ஓட்டக் கூடாது. மொத்தத்தில் 14 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. பொதுவாக ஒரு காருக்கு மூன்று டிரைவர். துபாய் போன்ற பந்தயங்களில் நான்கு பேரும், அதற்கு மேலும் இருப்பதுண்டு.

“நம்ம போட்டு மாதிரியா?” என்றான் அவன். ஆமாம், அதே மாதிரிதான் என்றேன். எங்கள் பக்கத்து விசைப்படகு காலையில் டோக்கன் வாங்கிக் கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரைக்கு வரும். அதுவும் ஒரு 24 மணி நேரம். படகின் டிரைவர் கொஞ்சம் கண்ணயர்ந்தால் இன்னொருவர் சுக்கானைப் பிடிப்பார். வலையைப் போட, இழுக்க, மீனைப் பிரிக்க, ஐஸ் போட ஆளாளுக்கு வேலை. கரைக்கு வந்ததும் பங்கு எல்லோருக்கும் உண்டு. எண்டூரன்ஸ் ரேஸிலும் கோப்பை மூன்று பேருக்கும்தான். கடைசி சுற்றை ஓட்டியவருக்குத் தனிப் பரிசு கிடையாது.

சரி, ஒருவர் எவ்வளவு நேரம் ஓட்டுவார்? இங்கே ஒரு சொல் தெரிந்துகொள்ள வேண்டும்: ஸ்டின்ட். பெட்ரோல் நிரப்பிக் கிளம்பியதிலிருந்து, அது தீர்ந்து மறுபடி நிரப்ப வரும் வரை ஒரு ஸ்டின்ட். லெ மானில் மேல் பிரிவு கார் ஒரு டாங்கில் பன்னிரண்டு சுற்றுப் போல ஓடும். முக்கால் மணி நேரம். பெட்ரோல் போட வரும் ஒவ்வொரு முறையும் டிரைவரை மாற்ற மாட்டார்கள். மாற்றினால் நேரம் வீண். டயரையும் ஒவ்வொரு முறையும் மாற்ற மாட்டார்கள். ஒருவரே இரண்டு, மூன்று ஸ்டின்ட் தொடர்ந்து ஓட்டுவார். மூன்று என்றால் இரண்டேகால் மணி நேரம். அப்புறம் இறங்கினால், மற்ற இருவரும் முடித்து மறுபடி அவர் முறை வர நாலரை மணி நேரம் ஆகும். அதற்குள் காரைப் பற்றி இன்ஜினியரிடம் சொல்லி, உடை மாற்றி, கொஞ்சம் சாப்பிட்டு, உடம்பைப் பிடித்துவிட்டுக்கொண்டு, மீதி நேரம் தூக்கம். காது கிழிய சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் தூங்க வேண்டும். தூங்கத் தெரிவதும் இந்த வேலைக்கு வேண்டிய திறமைகளில் ஒன்று. மீன் வண்டியில் இரண்டாவது டிரைவராகப் போனவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். டிரைவர் மாறும் அந்த நிமிடம்.

பெட்ரோல் போட, டயர் மாற்ற, ஆள் மாற நிற்கும் இடம்தான் பிட். கார் அந்த பிட் பாதைக்குள் வருகிறது. அதுவரை 300 கிலோமீட்டரில் வந்தது இங்கே 60க்கு மேல் போகக் கூடாது. தன் அணியின் கட்டத்துக்குள் அளந்து நிறுத்த வேண்டும். ஒரு முழம் தள்ளி நின்றாலும் பெட்ரோல் குழாய்க்காரர் தடுமாறுவார். இஞ்சினை அணைக்கிறார். கதவு திறக்கிறது. உள்ளே இருப்பவர் பெல்ட்டை விடுவிக்கிறார். தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு, கால் இடுக்கில் இரண்டு என ஆறு பட்டை ஒரே கொக்கியில் வந்து சேர்ந்திருக்கும். ஹெல்மெட்டில் இருக்கும் ரேடியோ வயரையும் தண்ணீர்க் குழாயையும் பிடுங்குகிறார். தன் முதுகுக்கு அளவெடுத்து வார்த்த மெத்தையைக் கையோடு எடுத்துக்கொண்டு வெளியே வருகிறார். அந்த மெத்தை எப்படிச் செய்வார்கள் தெரியுமா? சீட்டில் ஒரு பையை வைத்து, அதற்குள் நுரைக் கலவையை ஊற்றி, டிரைவரை அதன்மேல் உட்கார வைத்துவிடுவார்கள். நுரை பொங்கி அவர் முதுகு வடிவத்திலேயே இறுகிவிடும். ஆளுக்கு ஒன்று. குள்ளமானவருக்குக் கனமாக, உயரமானவருக்கு மெல்லிசாக. இன்றைய பல கார்களில் சீட் அசையாது. பெடலைத்தான் முன்னே பின்னே நகர்த்திக்கொள்ள வேண்டும்.

அடுத்தவர் தன் மெத்தையோடு நுழைகிறார். இறங்கியவர் உடனே போய்விடுவதில்லை. பெரும்பாலும் அவரேதான் குனிந்து அடுத்தவருக்குப் பட்டை எடுத்துக் கொடுத்து, இறுக்கி, வயரைச் செருகுவார். பெட்ரோல் நிரம்பும் அந்த அரை நிமிடத்துச் சொச்சத்துக்குள் இவ்வளவும் முடிய வேண்டும். இதைப் போட்டிக்கு முன் நூறு தடவைக்கு மேல் பழகுகிற அணிகள் உண்டு. ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்ளாமல், எந்தக் கை எங்கே போக வேண்டும் என்று நடனம் போலப் பழகுவார்கள்.

பெல்ட் பற்றி ஒரு சின்னச் செய்தி. முன்பெல்லாம் லெ மானில் டிரைவர்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, கொடி அசைத்ததும் ஓடி வந்து காரில் ஏறிக் கிளம்ப வேண்டும். அவசரத்தில் பெல்ட் போட யாருக்கும் நேரம் இருக்காது. 1969இல் ஜாக்கி இக்ஸ் என்ற இளைஞர் இதை எதிர்த்து, எல்லோரும் ஓட, தான் மட்டும் மெதுவாக நடந்து போய், நிதானமாக பெல்ட் போட்டுக்கொண்டு கடைசியாகக் கிளம்பினார். அன்று முதல் சுற்றிலேயே பெல்ட் போடாத ஒருவர் விபத்தில் இறந்தார். மறுநாள் ஜெயித்தது, கடைசியாகக் கிளம்பிய இக்ஸின் கார்; சுமார் 120 மீட்டர் வித்தியாசத்தில். அடுத்த வருடத்திலிருந்து அந்த ஓட்டம் நின்றது. இதைச் சொன்னதும் அக்கா மகன் ஒன்றும் பேசவில்லை. அவன் பைக்கில் ஹெல்மெட் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

டிரைவர் மாறும்போது கைமாறுவது ஸ்டியரிங் மட்டும் இல்லை. வண்டியின் நிலவரமும் கைமாற வேண்டும். பிரேக் எங்கே பிடிக்கிறது, எந்த வளைவில் பின்பக்கம் நழுவுகிறது, எந்த இடத்தில் யாரோ ஆயில் கொட்டியிருக்கிறார்கள். இதையெல்லாம் ஓட்டும்போதே ரேடியோவில் இன்ஜினியரிடம் சொல்லிக்கொண்டே வருவார்கள். அவர் அடுத்தவரின் காதில் போடுவார். இது ஏன் முக்கியம் என்று நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

ஒரு முறை மண்டபத்திலிருந்து கொல்லத்துக்கு லோடு. ஐஸ் பெட்டி முழுக்க மீன். விடிவதற்குள் ஏலத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ராமநாதபுரம், மதுரை, ராஜபாளையம் வழியாகச் செங்கோட்டை வரை முதல் டிரைவர் ஓட்டினார். அங்கே ஒரு டீ குடித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். “பார்த்துப் போ தம்பி” என்று ஒரு வார்த்தை. படுத்தவர் உடனே தூங்கிவிட்டார். புளியரை தாண்டி, ஆரியங்காவு தாண்டி, மலை இறக்கம். மூன்றாவது வளைவில் பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனது. நாலாவதில் இன்னும் கீழே. காலடியில் பஞ்சை மிதிப்பதுபோல இருந்தது. இரண்டாவது கியரில் போட்டு, இஞ்சின் பிடியிலேயே இறக்கி, ஓர் அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டினேன். வீலில் கையை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. எழுப்பிக் கேட்டபோது அவர் சொன்னார்: “ராஜபாளையத்துலேயே கொஞ்சம் அப்படித்தான் இருந்துச்சு.” ஒரே ஒரு வார்த்தை செங்கோட்டையில் சொல்லியிருந்தால் நான் மேலேயே பார்த்திருப்பேன். ஒன்றரை மணி நேரம் நின்று கிளம்பினோம். போய்ச் சேர்ந்தபோது ஏலம் முடிந்துவிட்டது. கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்தோம். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை, களைப்பில் மறந்துவிட்டார். ஆனால் அன்றிலிருந்து சாவியைக் கொடுக்கும்போது ஸ்டியரிங் முதல் ஸ்டெப்னி வரை சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன்.

இந்த வகைப் பந்தயத்தில் டிரைவர் ஏன் தன் முழு வேகத்தைக் காட்டிக்கொண்டே இருப்பதில்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஒரு சுற்றுக்கு மூன்றரை நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வளைவின் ஓரக் கல்லில் கொஞ்சம் வேகமாக ஏறி, எதையோ வளைத்துவிட்டார்; சரிசெய்ய ஒரு நிமிடம் ஆனது. அந்த ஒரு நிமிடத்தை மீட்க வேண்டும். சுற்றுக்கு அரை விநாடி கூடுதல் வேகமாக ஓட்டுகிறார்கள். அதுவே பெரிய விஷயம். அப்படியென்றால் 120 சுற்று வேண்டும். 120 சுற்று என்பது ஏழு மணி நேரம். ஒரு கல்லில் ஏறியதற்கு ஏழு மணி நேரம். அதனால்தான் நல்ல எண்டூரன்ஸ் டிரைவர் ஓரக் கல்லைத் தொடாமல் போவார், பிரேக்கைக் கொஞ்சம் முன்னாலேயே பிடிப்பார், வண்டியை அடுத்தவருக்கு முழுசாகக் கொடுப்பதைத் தன் முதல் வேலையாக நினைப்பார். ஆனால் மெதுவாகப் போகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைக்கு 24 மணி நேரமும் ஏறக்குறைய முழு வேகத்தில்தான் ஓட்டுகிறார்கள்; 2025இல் முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடையே இருந்தது 14 விநாடி. அவ்வளவு வேகத்திலும் வண்டியை நோகாமல் ஓட்டுவதுதான் கஷ்டம்.

மூன்று பேர் ஓட்டுவதில் இன்னொரு சிக்கல். வண்டியை யாருக்கு ஏற்றபடி அமைப்பது? ஒருவருக்கு முன்பக்கம் கூர்மையாகத் திரும்ப வேண்டும். இன்னொருவருக்கு அப்படி இருந்தால் பின்பக்கம் நழுவும் பயம். ஒருவருக்கு மட்டும் மிக வேகமான வண்டியைவிட, மூன்று பேரும் ராத்திரி மூன்று மணிக்கு மழையிலும் நம்பி ஓட்டக்கூடிய வண்டியே நல்ல வண்டி. அதனால் வேகமானவர் தன் விருப்பத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார். தொழில்முறை டிரைவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லும்போது அடிக்கடி இதைத்தான் சொல்வார்கள்: ஒற்றை ஆள் பந்தயத்தில் அணித் தோழரைத்தான் முதலில் தோற்கடிக்க வேண்டும், இங்கே அவரைத்தான் முதலில் வேகமாக்க வேண்டும்.

இதற்கு இன்னொரு காரணம், டிரைவர்களின் தரப் பிரிவு. சர்வதேச மோட்டார் அமைப்பு அனுபவத்தையும் வயதையும் பார்த்து டிரைவர்களைப் பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரோன்ஸ் (வெண்கலம்) என்று நான்காகப் பிரிக்கிறது. ஃபார்முலா ஒன் அளவில் ஓட்டியவர் பிளாட்டினம். சொந்தத் தொழில் செய்துகொண்டு ஆசைக்காக ஓட்டுபவர் பிரோன்ஸ். லெ மானின் ஜிடி3 என்ற கீழ்ப் பிரிவில் ஒவ்வொரு காரிலும் ஒரு பிரோன்ஸ் டிரைவர் கட்டாயம் இருக்க வேண்டும். அவர் குறிப்பிட்ட நேரமாவது ஓட்டியாக வேண்டும். கோல்டு டிரைவரிடமிருந்து இன்னும் அரை விநாடி கறப்பது பாடு. பிரோன்ஸ் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பிரேக் பிடித்த இடத்தையும் தான் பிடித்த இடத்தையும் கம்ப்யூட்டர் கோட்டில் ஒப்பிட்டுக் காட்டினால், இரண்டு விநாடிகூடக் குறைக்க முடியும். ஒரு தொழில்முறை டிரைவரின் சம்பளத்தில் பாதி இந்த வாத்தியார் வேலைக்குத்தான் என்பது என் எண்ணம்.

இப்போது ரோட்டைப் பாருங்கள். லெ மானில் ஒரே நேரத்தில் 62 கார். ஆனால் எல்லாம் ஒரே வகை இல்லை. மேலே ஹைப்பர்கார், நடுவில் எல்எம்பி2, கீழே ஜிடி3. ஜிடி3 என்பது கடையில் விற்கும் ஸ்போர்ட்ஸ் காரைப் பந்தயத்துக்கு மாற்றியது. ஹைப்பர்கார் ஒரு சுற்றை மூன்றரை நிமிடத்தில் முடித்தால் ஜிடி3க்கு நாலு நிமிடம் ஆகும். ஆக, ஹைப்பர்கார் டிரைவர் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மூன்று ஜிடி கார்களைத் தாண்டியாக வேண்டும், நாள் முழுக்க, இருட்டிலும். நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அரசுப் பஸ், மீன் வண்டி, உப்பு லாரி, ஷேர் ஆட்டோ எல்லாம் ஒன்றாகப் போவதைப்போல, ஆனால் எல்லோரும் உயிரைக் கொடுத்து வேகமாகப் போகும் ஒரு ரோடு. தாண்டப்படுகிறவருக்கு ஒரே விதிதான்: போய்க்கொண்டிருக்கும் கோட்டை மாற்றாதே. பயந்து ஒதுங்கினால் எந்தப் பக்கம் ஒதுங்குகிறாய் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. நேராகப் போனால் அவர் பார்த்துக்கொள்வார்.

ஒதுங்குவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. டயரிலிருந்து உதிரும் ரப்பர்த் துணுக்குகள் ஓட்டும் கோட்டுக்கு வெளியே சேர்ந்துகொண்டே இருக்கும். அதில் ஏறினால் வண்டி வழுக்கும். தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை போகும் ரோட்டில் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். நடு ரோடு கறுப்பாகச் சுத்தமாக இருக்கும். இரண்டு ஓரத்திலும் காற்று கொண்டுவந்து போட்ட மணல். எதிரே வண்டி வரும்போது ஓரத்தில் இறங்கினால் ஸ்டியரிங் லேசாகிவிடும். பந்தயத்தில் பொழுது ஏற ஏற அந்த ஓரம் மோசமாகிக்கொண்டே போகும். (இவ்வளவு சொன்னதால் இதையும் சொல்கிறேன்: அந்த ரோட்டிலும் பாம்பன் பாலத்திலும் ராத்திரி பைக்கில் ரேஸ் விடும் பையன்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். பந்தயப் பாதையில் ஒவ்வொரு வளைவிலும் கொடியோடு ஆள் நிற்பார், தடுப்பு இருக்கும், டாக்டர் இருப்பார். பாம்பன் பாலத்தில் இருப்பது காற்று மட்டும்தான். 1955இல் லெ மானில் அதே லெவெக்கின் கார் கூட்டத்துக்குள் பாய்ந்து அவரும் 80க்கு மேற்பட்ட பார்வையாளர்களும் செத்துப்போனார்கள். பாதுகாப்பு என்று இன்று பார்ப்பதெல்லாம் அப்படி விலை கொடுத்து வந்தவை.)

துபாய் பந்தயத்தில் வேறு சில வழக்கங்கள். அங்கே பெட்ரோலை அணியின் கட்டத்தில் போட மாட்டார்கள்; தனியாகப் பெட்ரோல் பங்க் மாதிரி ஓர் இடம், எல்லோரும் அங்கே வரிசையில் வர வேண்டும். விபத்து நடந்தால் கோட் 60 என்று ஊதா நிறக் கொடி காட்டுவார்கள். எல்லாக் காரும் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்க வேண்டும், யாரும் யாரையும் தாண்டக் கூடாது. மற்றவர்கள் ஊர்ந்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டால் நஷ்டம் குறைவு. எல்லோரும் அதையே நினைத்தால் பங்கில் வரிசை நீளும். எப்போது வருவது என்று முடிவு செய்பவர் பிட் சுவரில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் இன்ஜினியர்.

2025 ஜனவரியில் அஜித் அங்கே போனபோது, பந்தயத்துக்கு முன் பயிற்சியில் அவர் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது, பெரிய காயமில்லை. அப்புறம் பந்தயத்தில் தன் அணியின் போர்ஷே காரைத் தான் ஓட்டாமல் மற்ற டிரைவர்களிடம் விட்டுக்கொடுத்தார். வேறொரு அணியின் ஜிடி4 (ஜிடி3க்கு ஒரு படி கீழ்) காரில் ஓட்டினார். அவர் அணியின் கார் 992 என்ற போர்ஷே கார்களுக்கான பிரிவில் மூன்றாவதாக வந்தது. எங்கள் ஊர் டீக்கடையில் அன்றைக்கு ஒரு சிலர் “தலைவர் ஓட்டவே இல்லையாமே, அப்புறம் என்ன ஜெயிச்சார்?” என்றார்கள். இதுவரை படித்தவர்களுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்கும். அணிக்கு எது நல்லது என்று பார்த்து சீட்டை விட்டுக்கொடுப்பதும் இந்தப் பந்தயத்தின் ஒரு பகுதி. எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

நம்மவர்களில் லெ மானில் முதலில் ஓட்டியவர் சென்னைக்காரர் கருண் சந்தோக். 2012இல், ஆறாவது இடம். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் அதற்கு முன்பே, 2009இல் போயிருக்க வேண்டியது. பந்தயத்துக்குச் சற்று முன் தோள்பட்டை நழுவியதால் ஓட்ட முடியவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பாதை 1990இலிருந்து இருக்கிறது. உண்மையிலேயே ஆசை இருப்பவர்கள் போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது.

உடம்பு படும் பாட்டைப் பற்றிக் கொஞ்சம். காருக்குள் வெளியே இருப்பதைவிடச் சூடு அதிகம். அதில் தீப்பிடிக்காத உள்ளாடை, அதற்கு மேல் அதே மாதிரி முழு உடை, கையுறை, ஹெல்மெட். மே மாதத்தில் விசைப்படகின் இஞ்சின் அறைக்குள் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று என் மருமகனிடம் சொன்னேன். அவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் என்னைக் கேட்டால் டிரைவரைவிடப் பாவம் மெக்கானிக்குகள். டிரைவருக்காவது இடையில் தூக்கம் உண்டு. இவர்கள் ஹெல்மெட்டோடு நாற்காலியிலேயே தலை சாய்ந்து, கார் வருகிறது என்ற குரல் கேட்டதும் எழுந்து, ஒரு நட்டும் பிசகாமல் டயரை மாற்றிவிட்டு மறுபடி உட்காருவார்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் கைவிட்டுப் போகும். 2016இல் டொயோட்டா கார் முன்னணியில் இருந்தது. அதுவரை அவர்கள் லெ மானில் ஜெயித்ததே இல்லை. முடிய மூன்று நிமிடம் சொச்சம் இருக்கும்போது காரில் சக்தி போய், பிட் சுவருக்கு எதிரிலேயே நின்றுவிட்டது. ஸ்டியரிங்கில் இருந்தவர் கசுகி நகாஜிமா. போர்ஷே தாண்டிப் போய் ஜெயித்தது. இரண்டு வருடம் கழித்து, 2018இல், டொயோட்டா ஜெயித்தபோது கடைசிச் சுற்றை ஓட்டியதும் அதே நகாஜிமாதான். அந்த இரண்டு பந்தயத்தையும் நான் பார்த்தேன். முதல் தடவை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறுபடி ஜெட்டி. முன்னணியில் 83ஆம் எண் மஞ்சள் ஃபெராரி. மூன்று பேர்: போலந்தின் ராபர்ட் குபிட்சா, சீனாவின் யே யிஃபெய், இங்கிலாந்தின் ஃபில் ஹான்சன். கடைசி நேரத்தில் ஓட்டிக்கொண்டிருந்தவர் குபிட்சா. 2011இல் ஒரு ராலி விபத்தில் அவர் வலது கை சிதைந்துபோனது. திரும்ப வரவே மாட்டார் என்று நினைத்தவர்கள் பலர். அந்தக் கையோடு அவர் ஓட்டுகிறார் என்று சொன்னதும் என் மருமகன் போனை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டான்.

அவன் படகு மறுநாள் காலை கடலுக்குப் போகிறது. பக்கத்தில் ஐஸ் பாரை உடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தவன் கேட்டான்.

“மத்த ரெண்டு பேரும் இப்ப என்ன பண்ணுவாக மாமா?”

“நின்னு பார்த்துக்கிட்டு இருப்பாக மாப்ள.”

“சும்மாவா?”

“சும்மாதான். அவுக ஓட்ட வேண்டியதை ஓட்டிட்டாக.”

படகிலிருந்து டிரைவர் அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். இன்னும் ஐந்து நிமிடம் என்று கையைக் காட்டினான். நமக்கு ஏழரை மணிக்குக் கொடி விழுந்தது. போனை என்னிடம் கொடுத்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஐஸ் தூக்கப் போனான்.